பன்னிரண்டாம் அத்தியாயத்தின் கரை

பருத்திப்பட்டு, ஆவடி
9 ஜூன் 2024

அன்பிற்குரிய இளவல் கஜபதிக்கு,

உன் தமக்கை வேம்புலியம்மாள் எழுதுவது. இவ்விடம் நானும் உன் மாமாவும் நலம். அவருடைய முழங்கால் வலி மட்டும் இவ்வாண்டு வெயிலைப் போலவே விடாப்பிடியாக இருக்கிறது. புனேயில் மழை தொடங்கியிருக்கும். தலையை ஈரத்தோடு விடாதே.

நிற்க. தொலைபேசியில் உடல்நலம், கடிதத்தில் இயற்பியல் என்பது நாமிருவரும் செய்துகொண்ட ஏற்பாடு. அதன்படி இயற்பியலுக்கு வருகிறேன். நூல் முடிந்துவிட்டது. பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒருத்தி, நீ கல்லூரியில் படித்துவிட்டுப் பரணில் போட்ட பாடநூல்களில் தொடங்கி, ஜஸ்டின் கடையில் அச்செடுத்த ஆய்வுக்கட்டுரைகள் வரை தானே படித்து எழுதிய நூல். இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வரவில்லை. பெருமையோடுதான் சொல்கிறேன். ஓர் அறைக்குள் நிகழும் யாவற்றையும், ஈர்ப்பு விசை உட்பட, அவ்வறையின் சுவரில் மட்டும் எழுதப்பட்ட கணக்கால் முழுமையாகச் சொல்லிவிட முடியும் என்ற கொள்கையைத் தமிழில் ஒரு நூலாக நான் கண்டதில்லை. ஆகவே நானே எழுதினேன். 'சுவரில் எழுதிய உலகம்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அம்பத்தூர்ப் பதிப்பாளர் தட்சிணாமூர்த்தி படித்தார். ஜனவரிப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். கூடவே இரண்டு நிபந்தனைகள். அவர் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, நீங்க நல்லாத்தான் எழுதிகினு கீறீங்க. ஆனா அட்டையத் தொறந்ததும் மொதப் பக்கத்துல ஒரு முனைவர் இருக்கணும். அணிந்துரை இல்லாத சயின்ஸ் புக்கு நம்பர் பிளேட் இல்லாத வண்டி மாதிரி. எவன் வேணா ஓரங்கட்டுவான். அப்புறம் அந்தப் பன்னெண்டாவது அத்தியாயம், அதத் தூக்கிடுங்க. பதினொண்ணு வரைக்கும் கணக்கு தேறுது. பன்னெண்டுல நீங்களே 'இன்னும் தெரியவில்லை'ன்றீங்க. தெரியாதத யாரு வாங்குவா?"

இரண்டாவதை அங்கேயே மறுத்துவிட்டேன். முதலாவதற்கு உன்னை நாடுகிறேன். இதே ஆய்வில் இருப்பவன் நீ. இரண்டு பக்கம் போதும். அடியில் வழக்கம்போல் உன் பெயர், பதவி, ஊர், நாள். கையெழுத்துப்படியின் நகலை இத்துடன் அனுப்புகிறேன்.

உன் பதிலை நாடும்,
வேம்புலி


புனே
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவை வெந்நீர் ஒத்தடம் தொடரச் சொல்லுங்கள். இனிக் கடிதங்களை நண்பன் ஸ்ரீராமின் வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். நிறுவனத்தில் தபால் என் மேசைக்கு வர நாளாகிறது.

முழுவதும் படித்தேன். பதினோரு அத்தியாயங்கள் நன்றாக வந்திருக்கின்றன. பன்னிரண்டில் ஒரு பெரிய பிழை. விரியும் பிரபஞ்சத்தில் நீங்கள் சுவர் என்று வரைந்திருப்பது அடிவானம். எவ்வளவு காலம் காத்திருந்தாலும் எதற்கு அப்பாலிருந்து வெளிச்சம் நம்மை வந்து சேராதோ, அந்த எல்லை. அது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் அடிவானம் வேறு, என் அடிவானம் வேறு. எல்லாருக்கும் பொதுவான கரை பக்கவாட்டில் எங்கும் இல்லை. அது எதிர்காலத்தில், காலத்தின் கடைக்கோடியில் இருக்கிறது. உள்ளே நிகழ்வதைக் கரையின் கணக்காக மொழிபெயர்க்கும் அகராதியை எழுத முயன்றவர்கள் பெரும்பாலும் அங்கேதான் முயன்றார்கள். இரண்டையும் நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். படம் பன்னிரண்டு-மூன்று முழுவதும் தவறு.

வேறு பிழைகளைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
கஜபதி


பருத்திப்பட்டு
9 ஜூலை 2024

அன்பிற்குரிய கஜபதிக்கு,

நலம். நீயும் அவ்வண்ணமே இருக்க விழைகிறேன். நேற்று முன்தினம் நீ புனேயில் எழுதிய கடிதம் இன்று காலை என் கைக்கு வந்துவிட்டது. அஞ்சல் துறையின் வேகம் வியப்பளிக்கிறது.

பிழையை ஏற்கிறேன். அடிவானத்திலேயே அகராதி எழுத முனைவோரும் இருக்கிறார்கள், பார்ப்பவர் நிற்கும் இடத்திலேயே எழுத முனைவோரும் இருக்கிறார்கள். அவர்கள் கட்டுரைகளும் என் மேசைமேல்தான் கிடக்கின்றன. ஆனால் அவர்கள் முயற்சியை நான் முடிந்த செய்தியாக எழுதியது பிழைதான். படத்தைக் கிழித்துவிட்டேன். 'கரை பக்கத்தில் இல்லை, கடைசியில் இருக்கிறது' என்ற உன் கருத்தை அத்தியாயத்தின் முதல் வாக்கியமாக்கினேன். பிழையைத் திருத்த ஒரு நாளும், பிழை செய்ததைப் பொறுத்துக்கொள்ள மூன்று நாளும் எனக்கு ஆகும் என்பது நீ அறிந்தது. ஆகவே மேலும் இரண்டு நாள் சினத்தோடு இருப்பேன்.

உன் மாமாவுக்குத் திருத்திய பகுதியைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இன்னாம்மே, உலகம் விரிஞ்சிகினே போவுதுன்றே. நம்ம தெரு மட்டும் சுருங்கிகினே கீது. எதிர்வூட்டுக்காரன் படி கட்னதுக்கு அப்பால ஆட்டோகூட வர மாட்டேங்குது. அதுக்கு ஒரு கணக்கு எழுது" என்றார். டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டு பணியாற்றியவர். அவருக்கு அளவைத் தவிர வேறொன்றிலும் நம்பிக்கையில்லை.

அணிந்துரையைப் பற்றி நீ ஒரு சொல்லும் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று எண்ணி நினைவூட்டுகிறேன்.

என்றும் நலம் நாடும்,
வேம்புலி


புனே
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை அதிகம்.

தட்சிணாமூர்த்தி சொல்வதுதான் சரியென்று தோன்றுகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். முதல் பதினொன்றில் நீங்கள் எழுதிய சுவருள்ள பிரபஞ்சத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சோதித்த இடத்திலெல்லாம் அகராதி தேறுகிறது. அங்கே ஒரு வெளிச்சத்தை அனுப்பினால் சுவரில் பட்டு, கணக்கிட்ட நேரத்தில் திரும்பி வந்துவிடும். விரியும் பிரபஞ்சத்தில் அப்படி எதுவும் திரும்பாது. கடைக்கோடிக் கரையில் எழுதும் கணக்கில் கற்பனை எண்கள் முளைக்கின்றன. நிகழ்தகவு நிகழ்தகவாக நடந்துகொள்வதில்லை. அந்தக் கரையில் நின்று கணக்கைச் சரிபார்க்க ஆளும் இருக்க முடியாது. எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகளைப் போட்டார்கள். போட்டதோடு சரி.

தெரிந்ததோடு நிறுத்துவதில் அவமானம் ஒன்றும் இல்லை, அக்கா. பதினொன்றோடு முடித்தால் குறையில்லாத நூல்.

மாமாவுக்கு என் வணக்கம்.

கஜபதி


பருத்திப்பட்டு
11 ஆகஸ்ட் 2024

அன்பிற்குரிய கஜபதிக்கு,

நலம் என்று எழுதியிருக்கிறாய். உன் எழுத்து அவ்வாறு சொல்லவில்லை. நன்றாக உண்கிறாயா, உறங்குகிறாயா என்பதை அடுத்த மடலில் தனியே எழுதுக.

நிற்க. நீ சொல்லும் குறையில்லாத நூலை நான் எழுத மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

நம் ஏரியைச் சுற்றி இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். மாலையில் கரையில் நின்று ஒரு கல்லை எறிந்தால் அலை எதிர்க்கரை வரை போய்த் திரும்பி வருகிறது. கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏரிக்குள் என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். இதுவே என் முதல் பதினோரு அத்தியாயங்கள். கடந்த டிசம்பர்ப் புயலில் என்ன ஆயிற்று என்பதை நீ தொலைபேசியில் கேட்டறிந்தாய். ஏரி எது, சாலை எது, நம் வாசல் எது என்று தெரியவில்லை. நானும் உன் மாமாவும் மொட்டைமாடியில் நின்றோம். கண்ணுக்கு எட்டியவரை கரை இல்லை. அன்று நாங்கள் அந்தத் தண்ணீரில்தான் இருந்தோம், கஜபதி. கரையுள்ள ஏரியில் இல்லை.

நாம் குடியிருப்பது விரியும் பிரபஞ்சத்தில். கணக்கு தேறுகிறது என்பதற்காக, யாரும் குடியிராத பிரபஞ்சத்தின் வரைபடத்தை மட்டும் வாசகர் கையில் கொடுத்து, 'உங்கள் வீடு இதில் இல்லை, ஆனால் படம் குறையில்லாதது' என்று சொல்லச் சொல்கிறாயா? அகராதி இன்னும் எழுதப்படவில்லை என்கிறாய். அகராதி வந்த பிறகா மனிதர் பேசத் தொடங்கினார்கள்?

பத்தாம் வகுப்பு முடித்தபோது எனக்கும் இதே அறிவுரை கிடைத்தது. தெரிந்தது போதும், இதோடு நிறுத்து என்றார்கள். சொன்னவர்கள் அனைவரும் நல்லவர்கள். அவர்கள் சொல்லை அன்று கேட்டுக்கொண்டேன். இனிக் கேட்பதாக இல்லை.

பன்னிரண்டாம் அத்தியாயம் இருக்கும். உன் அணிந்துரைக்குத் தட்சிணாமூர்த்தி செப்டம்பர் இறுதிவரை காத்திருப்பார்.

உறுதியுடன்,
வேம்புலி


பருத்திப்பட்டு
22 செப்டம்பர் 2024

அன்பிற்குரிய கஜபதிக்கு,

நாங்கள் நலம். என் ஆகஸ்டு மாத மடலுக்குப் பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தால் "நல்லா இருக்கேன்க்கா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். ஆய்வாளர்களுக்கு இத்தனை கூட்டங்கள் உண்டென்பதை நான் அறிந்திருக்கவில்லை.

தட்சிணாமூர்த்தி நேற்று வீட்டுக்கே வந்தார். "தம்பி எழுதலன்னா உடுங்க. நமக்குத் தெரிஞ்ச முனைவர் ஒருத்தர் கீறாரு. புக்கு படிக்கக்கூட வேணாம், தலைப்பு சொன்னாப் போதும், ரெண்டு பக்கம் சூப்பரா குடுத்துடுவாரு" என்றார்.

நான் சொன்னேன்: "ஐயா, படிக்காமலே பாராட்டுபவர் படித்தால் என்ன சொல்வார் என்ற கவலை எனக்கு வரும். வேண்டாம்."

"அப்ப யாருதான் எழுதுவாங்க?"

"என் தம்பி எழுதுவான். இல்லையேல் எவரும் எழுத வேண்டாம்."

அவர் மொட்டைமாடிக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து, "யாரும்மா அது, தண்ணித் தொட்டி மேல சிரிச்சிகினு கீறது?" என்று கேட்டார். நீ முனைவரானபோது ஏரிக்கரைச் சாலையில் நான் வைத்த பதாகைதான். 'பருத்திப்பட்டின் முதல் பிரபஞ்ச ஆய்வாளர்' என்று எழுதி வைத்தோமே, அதன் துணி தொட்டிக்குப் போர்வையாக இருக்கிறது. உன் முகம் வெயிலில் வெளுத்துவிட்டது. எழுத்து வெளுக்கவில்லை.

எழுது. எதையேனும் எழுது.

அக்கா


புனே
4 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

கையெழுத்துப்படியை விரைவு அஞ்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் பென்சிலில் குறித்திருக்கிறேன். பன்னிரண்டாம் அத்தியாயத்திலும்தான். அதை நீங்கள் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்ட பிறகு, தவறாகவாவது இல்லாமல் இருக்கட்டும். வெள்ளத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை அதில் சேர்க்கலாம். ஓரிடத்தில் மட்டும் மாற்றுங்கள். வெள்ளம் வடிந்து கரை திரும்பத் தெரிந்தது. பிரபஞ்சத்தில் அது வடியாது.

அணிந்துரை எழுதும் ஆள் நான் இல்லை. காரணம் கேட்காதீர்கள்.

கஜபதி


பருத்திப்பட்டு
6 அக்டோபர் 2024

அன்பிற்குரிய கஜபதிக்கு,

நலம். கட்டு வந்து சேர்ந்தது. உன் பென்சில் குறிப்புகள் முந்நூற்றுக்கும் மேல் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இருக்கின்றன. எடுத்துவிடு என்று சொன்ன அத்தியாயத்துக்கு இத்தனை உழைப்பை யாரும் செலவிட மாட்டார்கள்.

நிற்க. விரைவு அஞ்சலில் அனுப்பும்போது அலுவலகத்தில் ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள். எங்கே பதிவு செய்யப்பட்டது என்பது அதில் தெளிவாக அச்சாகியிருக்கும். சாதாரண மடல்களின் முத்திரை மை பரவிக் கிடக்கும், படிக்க இயலாது. சீட்டு அவ்வாறன்று. உன் கட்டின் மேல் 'அம்பத்தூர் தொழிற்பேட்டை' என்று இருந்தது.

அதன் பிறகுதான் உன் மடல்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். நீ எழுதுவது எனக்கு உடனே வந்துவிடுகிறது. நான் எழுதுவதற்குப் பதில் வர மட்டும் வாரக்கணக்காகிறது. அஞ்சல் துறையைப் புகழ்ந்தேன், என் அறியாமையை என்னவென்பது. என் மடல் புனேக்குப் போய், ஸ்ரீராம் கையால் திரும்பி, நம் ஆவடியையே ரயிலில் கடந்து, சில நிலையங்கள் தள்ளியிருக்கும் உன்னிடம் சேர்ந்திருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் என்று நீ எழுதினாயே, அதை என்னைக் கொண்டே செய்து பார்த்திருக்கிறாய்.

ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதீர்கள் என்று எழுதிவிட்டாய். இந்த மடலையும் புனேக்கே அனுப்புகிறேன். அந்தச் சுவர் உனக்குத் தேவைப்படும் வரை இருக்கட்டும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். நீ என் அடிவானத்துக்கு அப்பால் போய்விட்டாய் என்று எண்ணியிருந்தால், கணக்கில் பிழை செய்திருப்பவன் இம்முறை நீ.

நூலின் செய்தி: தட்சிணாமூர்த்தியிடமிருந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பன்னிரண்டு அத்தியாயங்கள், அணிந்துரை இல்லை, சம்மதமா என்று கேட்டேன். "உங்க நல்லதுக்குத்தான்மா சொல்றேன்" என்றார். அவரும் நல்லவர். ஆவடியில் திருமணப் பத்திரிகை அச்சிடும் கலியமூர்த்தியிடம் பேசிவிட்டேன், உன் திருத்தங்களைச் சேர்த்ததும் அச்சேறும். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "ஏம்மா, நம்ம பத்திரிகைன்னா எடமும் நேரமும் கரீட்டா இருக்கணும். நீங்க இன்னாடான்னா எடமே கெடயாது, நேரமே கெடயாதுன்றீங்க. மண்டபத்துக்கு எப்டி வர்றது?" என்றார். நூலின் சாரத்தை இவ்வளவு சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.

உணவைத் தவிர்க்காதே.

அக்கா


அம்பத்தூர்
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன். மாமாவின் கால் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பல முறை எழுதிக் கிழித்தேன். புனேயில் என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிந்தது. வேறு இடங்களுக்கு விண்ணப்பித்தேன், ஓரிடமும் கிடைக்கவில்லை. ஏப்ரலிலிருந்து இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். அடுத்தவர் எழுதிய நிரலில் எங்கே பிழை என்று தேடிச் சொல்வது வேலை. பிழை தேடுவது எனக்கு நன்றாகவே வருகிறது, உங்களுக்குத் தெரியும். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓர் அறை. இரண்டு முறை ஆவடி ரயிலேறினேன். ஒருமுறை ஏரிக்கரை வரைக்கும் வந்தேன். நம் மொட்டைமாடித் தொட்டி அங்கிருந்தே தெரிகிறது. அதற்கு மேல் நடக்க முடியவில்லை.

அணிந்துரை எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். எழுதுவது கஷ்டமாக இல்லை. கடைசி வரியில் பதவி, ஊர் என்று வரும்போது கை நின்றுவிடும். புனே என்று போட்டால் பொய். அம்பத்தூர் என்று போட்டால் உங்களுக்கு அவமானம் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கவலைக்கு வேலையில்லாமல் செய்துவிட்டீர்கள்.

எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சாகிவிட்டிருந்தால் கிழித்துப் போடுங்கள்.

கஜபதி

(இணைப்பு)

இந்நூலின் பன்னிரண்டாம் அத்தியாயம் முடியவில்லை. அது நூலாசிரியரின் குறை அன்று. நாம் வாழும் பிரபஞ்சத்தின் கணக்கு எந்தக் கரையில் எழுதப்பட்டிருக்கிறது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. ஆறு ஆண்டுகள் நான் அதே கேள்வியோடு இருந்தேன். விடை கிடைக்கவில்லை. இடமும் கிடைக்கவில்லை. ஆனால் கேள்வி தவறானது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிடும்படி நூலாசிரியரிடம் சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் கேட்கவில்லை. வாசகர்கள் அந்த அத்தியாயத்திலிருந்து தொடங்கினாலும் தவறில்லை.

கஜபதி
மென்பொருள் சோதனையாளர்
அம்பத்தூர்
17.11.2024


பருத்திப்பட்டு
22 டிசம்பர் 2024

அன்பிற்குரிய கஜபதிக்கு,

உன் மாமாவின் கால் தேறிவருகிறது. நான் நலம். இந்த மடலை நேராக உனக்கே அனுப்புகிறேன்.

உன் மடல் கிடைத்ததும் கலியமூர்த்தியிடம் ஓடினேன். அவர் தலையைச் சொறிந்தார். "முன்பக்கமெல்லாம் ஓடி முடிஞ்சிபோச்சிம்மா. ஒண்ணும் சொருக முடியாது. கடைசில ஒரு பக்கம் சும்மா கீது. அதுல வேணா போடலாம். ஆனா அணிந்துரைய எவனாவது கடைசில போடுவானா? படிக்கிறவன் சிரிப்பான்."

நான் மகிழ்ந்தேன். விரியும் பிரபஞ்சத்துக்குக் கரை பக்கத்தில் இல்லை, கடைசியில்தான் இருக்கிறது என்று திருத்தியவன் நீ. நூலை அதன்படியே அமைத்திருக்கிறேன். சிரிப்பவர் பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் படிக்கட்டும்.

நீ எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. 'முனைவர்' என்று நீ போட்டுக்கொள்ளவில்லை, நானும் சேர்க்கவில்லை. என் வண்டிக்கு நம்பர் பிளேட் தேவையில்லை. பதவியும் ஊரும் நீ எழுதியவாறே அச்சாகியிருக்கின்றன. உனக்கு எது அவமானம், எது இல்லை என்று என்னைக் கேளாமல் இனி முடிவு செய்யாதே.

பதாகையை உன் மாமா கழற்றிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தொட்டிமேல் வெயில் படக்கூடாது. அதில் எழுதியிருப்பதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கட்டுகள் கூடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மை வாசனை இன்னும் போகவில்லை. முதல் படியை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அதை அஞ்சலில் அனுப்புவதாக இல்லை. ஏரிக்கரை வரை வந்தவன், அங்கிருந்து நம் வாசல் வரை நடந்து வந்து வாங்கிக்கொள்.

வரும்போது பென்சிலோடு வா. நூற்று நாற்பதாம் பக்கத்தில் நீ ஒரு பிழையை விட்டுவிட்டாய்.

அக்கா
வேம்புலியம்மாள்